மூளைப் படவியல் ஆராய்ச்சிக்கு ஒரு தொகை கொடுக்க நினைக்கிறோம், எதற்குக் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படும்?

வேணி:

வணக்கம். அம்மாவுக்கு எஃப்டிடி இருந்தது, அதாவது நெற்றிப் பக்கமும் காதோரமும் இருக்கும் மூளைப் பகுதிகள் மெல்லச் சுருங்கிக்கொண்டே போகும் மறதிநோய். மறதி என்று சொல்கிறோமே தவிர, முதலில் போனது நினைவு இல்லை, சுபாவம். யாரிடம் எப்படிப் பேசுவது என்பது போனது, எங்கள் மேல் இருந்த அக்கறை போனது. மனச்சோர்வு என்று நினைத்து வெகுகாலம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நரம்பியல் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, படத்தைப் பொறுமையாகப் பார்த்து இதுதான் நோய் என்று சொன்னார். அம்மா இப்போது இல்லை.

அண்ணன், சித்தி, நான் மூவரும் சேர்ந்து அம்மா பெயரில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். கோடீஸ்வரர்கள் கொடுக்கும் தொகை இல்லை. ஒரு ஆய்வு மாணவருக்குச் சில வருடங்கள் உதவித்தொகை கொடுக்கலாம், அவ்வளவுதான். மூளையைப் படம் எடுத்து ஆராயும் வேலைக்கும், அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் இது போக வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். எப்படி என்பதில்தான் குழப்பம். அண்ணன் ஸ்கேனர் வாங்கும் நிதிக்குக் கொடுக்கலாம் என்கிறார், கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்கும் என்று. சித்தி பெரிய அறக்கட்டளை ஒன்றிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை, ஆனால் மாற்றாக என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், நிதி கொடுத்துப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காந்தப்புலம்:

அம்மாவைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நான் ஒரு ஆய்வு மையத்தில் எம்ஆர்ஐ இயற்பியல் பக்கம் வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்கேனர் நிதிக்குக் கொடுக்காதீர்கள்.

காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்போம், ஒரு டெஸ்லாவுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் என்று எங்கள் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூளை ஆய்வில் அதிகம் பயன்படுவது 3 டெஸ்லா இயந்திரம், அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வாங்கியதோடு செலவு முடிவதும் இல்லை. காந்தத்தைக் குளிர்விக்க திரவ ஹீலியம், தனியாகக் கவசம் போட்ட அறை, இரவு பகலாக ஓடும் குளிரூட்டி, எல்லாவற்றுக்கும் மேல் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தமே வாங்கிய விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வரை போகும், ஒவ்வொரு வருடமும். ஒரு குடும்பம் கொடுக்கும் தொகை இதற்குள் போனால் இருந்த இடம் தெரியாது. இந்தச் செலவை அரசோ பெரிய பல்கலைக்கழகமோதான் தாங்க முடியும், தாங்கவும் வேண்டும்.

எங்களுக்கு உண்மையில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது ஆட்கள். இயந்திரம் இருக்கும், அதை இரவில் ஓட்டத் தெரிந்த ரேடியோகிராபர் இருக்க மாட்டார். படங்கள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும், அவற்றைத் தரம் பார்த்து, பெயர் அடையாளங்களை நீக்கி, ஒழுங்காக அடுக்கி வைக்க ஆள் இருக்காது. இந்த வேலைக்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை, அதனால் யாரும் பணமும் கொடுப்பதில்லை.

தர்மப் பணம் ஆட்கள் மேல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் லண்டனில் இருக்கிறது. ஹென்றி வெல்கம் எழுதி வைத்த உயிலிலிருந்து 1936 இல் வெல்கம் அறக்கட்டளை பிறந்தது. 1994 இல் அதன் பணத்தில் குயின் ஸ்கொயரில் மூளைப் படவியலுக்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். இயந்திரங்களும் வாங்கினார்கள்தான், ஆனால் உலகம் முழுவதற்கும் அங்கிருந்து போய்ச் சேர்ந்தது மூளைப் படங்களைப் பகுப்பாய்வு செய்யும் எஸ்பிஎம் என்ற மென்பொருள். மூளை ஆய்வாளர் கார்ல் ஃபிரிஸ்டன் 1990களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது, அன்றிலிருந்து இலவசம். இன்றைக்கும் ஏதோ ஒரு மூலையில் மூளைப் படங்களைக் கற்கத் தொடங்கும் ஒரு மாணவர் அதையோ, ஆக்ஸ்போர்டில் எழுதிய எஃப்எஸ்எல்லையோ, பாஸ்டனில் உள்ள மார்ட்டினோஸ் மையம் பராமரிக்கும் ஃப்ரீசர்ஃபரையோ ஒரு காசு கொடுக்காமல் இறக்கிப் பயன்படுத்தலாம். அந்த மார்ட்டினோஸ் மையத்தின் பெயரும் இறந்துபோன மகளின் நினைவாக ஒரு குடும்பம் கொடுத்த நன்கொடையால் வந்ததுதான். அன்றைக்கு வாங்கிய ஸ்கேனர்கள் எப்போதோ காலாவதியாகிவிட்டன, அந்த மென்பொருளைத் தினமும் திறக்கிறோம்.

அதனால் என் ஓட்டு: ஆளுக்குக் கொடுங்கள். மாணவருக்கோ, ரேடியோகிராபருக்கோ, தரவு பார்த்துக்கொள்பவருக்கோ.

முப்பரிமாணம்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆளுக்குக் கொடுத்தாலும் அந்த ஆள் என்ன மாதிரி ஆய்வு செய்யப் போகிறார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். நான் படங்களைப் பகுப்பாய்வு செய்யும் பக்கத்தில் இருக்கிறேன், சிறு நிதியில் நடக்கும் சிறு ஆய்வுகள் எத்தனை வீணாகின்றன என்று பார்த்துப் பார்த்து மனம் சலித்திருக்கிறது.

2022 இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சுமார் ஐம்பதாயிரம் பேரின் மூளைப் படங்களை வைத்துப் பார்த்தார்கள். மூளையின் அமைப்பையும் ஒருவருடைய குணத்தையோ அறிவுத்திறனையோ தொடர்புபடுத்தி நம்பகமான முடிவு சொல்ல ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று தெரிந்தது. அதுவரை வழக்கமாக ஒரு ஆய்வில் இருந்தவர்களோ இருபத்தைந்து பேர் அளவுதான். எஃப்டிடி போன்ற நோயில் மூளை மாற்றம் பெரிதாக இருப்பதால் இவ்வளவு பேர் தேவைப்படாது, அது வேறு கணக்கு, இருந்தாலும் ஒரே ஊரில் இருபது நோயாளிகளை வைத்துத் தனியாக ஒரு ஆய்வு என்று யாராவது உங்களிடம் வந்தால் அதற்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அரிய நோய்களில் பல நாடுகளின் மையங்கள் ஒரே முறையில் படமெடுத்து ஒன்றாகச் சேர்க்கும் கூட்டு ஆய்வுகள் ஏற்கெனவே இருக்கின்றன. குடும்ப வழியாக வரும் எஃப்டிடிக்கு ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஜென்ஃபி, வட அமெரிக்காவில் ஆல்எஃப்டிடி. நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளையில் சுருக்கம் தொடங்கிவிடுகிறது என்று நோய் தரும் மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களை வருடாவருடம் படமெடுத்துக் காட்டியது இந்த மாதிரிக் கூட்டு முயற்சிதான். ஒரு மையத்தால் தனியாக அதைச் செய்திருக்கவே முடியாது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: எடுக்கும் படங்களைப் பிற ஆய்வாளர்களுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2004 இல் தொடங்கிய ஏடிஎன்ஐ என்ற அல்சைமர் படவியல் திட்டம் அப்படித்தான் செய்தது. அரசு, மருந்து நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து போட்ட பணம், ஆனால் தரவு விண்ணப்பித்த எந்த ஆய்வாளருக்கும் கிடைத்தது, அதை வைத்து ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன. தரவு திறந்திருந்தால் தவறுகளும் வெளியே வரும். 2016 இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர், மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐக்குப் பலரும் பயன்படுத்தும் மென்பொருள்களில் சில கணக்கு முறைகள் நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தவற வேண்டிய இடத்தில் சில சூழல்களில் எழுபது வரை தவறியதைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் புதிதாக ஒரு படம்கூட எடுக்கவில்லை. யாரோ எப்போதோ பொதுவில் போட்டு வைத்த படங்களை எடுத்துச் சோதித்தார்கள். அப்படிப் போட்டு வைத்தவர்களுக்குப் பண உதவி செய்வதும் ஆராய்ச்சிக்கு உதவுவதுதான்.

உங்கள் அம்மாவுக்கு வந்த நோயில் படவியலுக்கு இன்னும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐ எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது என்று காட்டும். ஆனால் அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் டௌ என்ற புரதம் படிந்திருக்கிறதா, டிடிபி-43 என்ற புரதமா என்று பெரும்பாலான நோயாளிகளில், மரபணு மாற்றம் தெரிந்தவர்களைத் தவிர, உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் தெரியும். மருந்து கண்டுபிடித்தாலும் யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய இது தெரிந்தாக வேண்டும். உயிரோடு இருந்தபோது எடுத்த படமும் பிறகு தானமாக வந்த மூளையும் ஒரே நபருடையதாகக் கிடைப்பது அபூர்வம், அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அதன் மதிப்பு ஆய்வாளர்களுக்குத்தான் தெரியும். மூளை வங்கிகள் இந்த வேலைக்குப் பணமில்லாமல் தவிக்கின்றன. இரவில் உடலைக் கொண்டு வரும் வண்டிச் செலவு, குடும்பத்தோடு பேச ஒரு ஆள், இவ்வளவுதான் பல நேரம் தடையாக இருப்பது.

சிறுவிதை:

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருக்கிறேன். முப்பரிமாணம் சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டு பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

சிறிய ஆய்வு என்றாலே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு நிதிக் குழுக்கள் முன்னோட்ட முடிவு இல்லாமல் பணம் தருவது அபூர்வம், அந்த முன்னோட்ட முடிவைப் பெறவே பணம் வேண்டும், இளம் ஆய்வாளர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் நல்ல யோசனை இருக்கும், பத்துப் பேரை ஸ்கேன் செய்து முறை வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட காசு இருக்காது. அந்த ஆரம்பக் காசைக் கொடுப்பதற்குத்தான் தர்ம நிதி மிகவும் ஏற்றது, ஏனென்றால் தோற்றாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புதிய படமெடுப்பு முறையைச் சோதிக்கும் ஆய்வுக்குப் பத்துப் பேர் போதும். ஒரு நோயைப் பற்றிப் பொதுவான முடிவு சொல்லப் போகிறேன் என்றால்தான் பத்துப் பேர் போதாது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

பெரிய நன்கொடைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால் ஒன்று தெரியும். எம்ஐடியில் மெக்கவர்ன் மூளை ஆய்வு நிறுவனத்துக்கு 2000 இல் பேட்ரிக், லோர் மெக்கவர்ன் தம்பதியர் 20 வருடத்துக்கு 35 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் 2003 இல் 10 கோடி டாலரோடு மூளை ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார், அங்கே தானமாக வந்த ஆறு மூளைகளை எம்ஆர்ஐ எடுத்து, எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்று அதன் மேல் வரைந்து, அந்த வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாக விட்டார்கள். ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் நன்கொடையால் நடக்கிறது. அங்கே கருப்பருவத்திலேயே இறந்த சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்து, 5,132 சீவல்களிலிருந்து முப்பரிமாண வரைபடம் செய்து 2024 இல் வெளியிட்டார்கள், அதுவும் இலவசம். இவர்கள் எல்லோருமே அவசரப்படாமல் நீண்டகாலத்துக்குக் கொடுத்தவர்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அந்தப் பொறுமையை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வருடத்தில் கொட்டிவிடாமல் ஒரு மாணவரின் முழுப் படிப்புக் காலத்துக்கும் பிரித்துக் கொடுங்கள்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை சில. தனியாக அறக்கட்டளை பதிவு செய்யாதீர்கள், கணக்குத் தணிக்கைக்கும் வழக்கறிஞருக்குமே ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே நன்றாக நடக்கும் நிறுவனத்துக்குள் அம்மா பெயரில் ஒரு தனி நிதியாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே விண்ணப்பங்களை வெளி நிபுணர்கள் படித்து மதிப்பிடுகிறார்களா, தேர்வுக் குழுவில் இருப்பவர் தன் துறை மாணவருக்கே கொடுக்க முடியாதபடி விதி இருக்கிறதா என்று கேளுங்கள். மேற்செலவுக்கு ஒரு பைசாகூடப் போகக்கூடாது என்று சிலர் நிபந்தனை போடுவார்கள். அது நியாயமாகத் தோன்றும், ஆனால் ஆய்வகத்தின் மின்சாரமும் நெறிமுறைக் குழுவின் வேலையும் கணினி சர்வரும் யாராவது கொடுக்கும் பணத்தில்தான் ஓட வேண்டும். பல அறக்கட்டளைகள் 10 முதல் 15 சதவீதம் வரை அனுமதிக்கின்றன, அந்த அளவு நியாயம் என்று நினைக்கிறேன். அப்புறம், எஃப்டிடிக்கு மட்டும் என்று இறுக்கிக் கட்டாதீர்கள். "எஃப்டிடிக்கு முன்னுரிமை, தகுந்த விண்ணப்பம் இல்லாத வருடம் பிற மறதிநோய்ப் படவியல்" என்று எழுதினால் பணம் தூங்காது.

பாரதி_மு:

நான் ஆய்வாளர் இல்லை, கணவருக்காக ஆய்வு ஸ்கேன்களுக்குக் கூடப் போனவள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். மறதிநோய் உள்ளவரைத் தனியாக அனுப்ப முடியாது, யாராவது வேலையை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும். நோயாளியின் பயணச் செலவைக் கொடுப்பார்கள், கூட வருபவர் இழந்த கூலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தூரத்திலிருந்து வருபவர்கள், தினக்கூலிக்காரர்கள் இரண்டாவது முறை வராமல் நின்றுவிடுகிறார்கள். பிறகு வசதியானவர்களின் மூளையை மட்டும் வைத்து எல்லோருக்கும் முடிவு எழுதுகிறார்கள். ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் கேட்கத் தயங்குவார்கள், நீங்களாகக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள்.

காந்தப்புலம்:

பாரதி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, எங்கள் மையத்திலும் இதே நிலைதான்.

அதோடு ஒன்று சேர்க்கிறேன். இயந்திரம் வேண்டாம் என்றேன், ஒரு கருவிக்கு மட்டும் விலக்கு உண்டு. பொம்மை ஸ்கேனர் என்று நாங்கள் சொல்வது, காந்தம் இல்லாத வெறும் கூண்டு, உள்ளே ஒலிபெருக்கியில் ஸ்கேனரின் தடதட சத்தம் மட்டும் வரும். குழந்தைகளையும் மறதிநோயாளிகளையும் முதலில் அதில் படுக்க வைத்துப் பழக்கினால் உண்மையான ஸ்கேனில் பயம் குறையும், தலையை அசைக்காமல் இருப்பார்கள். தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெட்டுவிடும், அந்த ஸ்கேன் நேரத்துக்குக் கொடுத்த பணமும் போய்விடும். அசலோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது, பல மையங்களில் இன்னும் கிடையாது.

வேணி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் காட்டினேன், ஸ்கேனர் யோசனையை விட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, நிதி கொடுப்பதற்குப் பதிலாக எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இலவசமாக ஒரு ஆய்வு ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லலாமா, சீக்கிரம் தெரிந்துகொள்ளட்டுமே என்று சித்தி கேட்கிறார். இரண்டாவது, கல்விக்கு என்று சொன்னேனே, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஆராய்ச்சியோடு கல்வியையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடுமா?

முப்பரிமாணம்:

முதல் கேள்விக்கு மட்டும்: வேண்டாம். ஆய்வு ஸ்கேன் நோயைக் கண்டுபிடிப்பதற்காக எடுப்பது இல்லை. படமெடுக்கும் முறை வேறு, பல நேரம் அதைப் படிக்க கதிரியக்க மருத்துவர் இருக்கவே மாட்டார். நன்றாக இருக்கும் நூறு பேரை ஸ்கேன் செய்தால் இரண்டு மூன்று பேருக்காவது எதிர்பாராத ஏதோ ஒன்று கண்ணில் படும், சிறு கட்டி, ரத்தக்குழாயில் வீக்கம், இப்படி. பெரும்பாலும் அதனால் தொந்தரவு வராது, ஆனால் தெரிந்த பிறகு அந்தக் குடும்பம் நிம்மதியாகத் தூங்காது. எஃப்டிடியில் இன்னும் கடினம், நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. குடும்பத்தில் மரபணு சந்தேகம் இருந்தால் போக வேண்டிய இடம் மரபியல் ஆலோசகர், அவர் பேசிப் புரிய வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். சித்தியின் அக்கறை புரிகிறது, அந்த அக்கறையை ஆலோசகர் சேவைக்கு உதவும் பக்கம் திருப்பலாம். நீங்கள் உதவும் ஆய்விலும், எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் யார் பார்ப்பார், யார் சொல்வார் என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரும்பலகை:

கல்வி பற்றி நான் சொல்கிறேன், அதுதான் என் வேலை. அரைகுறை ஆகாது, சிறிய தொகை வைத்திருப்பவர்களுக்குக் கல்விதான் அதிக பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல தரவு இப்போது கொட்டிக் கிடக்கிறது. ஓப்பன்நியூரோ தளத்தில் யார் வேண்டுமானாலும் படங்களை இறக்கலாம். ஹியூமன் கனெக்டோம் திட்டம் சுமார் 1,200 இளைஞர்களின் மூளைப் படங்களை விட்டிருக்கிறது. யூகே பயோபேங்க் ஒரு லட்சம் பேரைப் படமெடுத்திருக்கிறது, அதற்குப் பதிவும் கட்டணமும் உண்டு. அதாவது ஸ்கேனரே இல்லாத கல்லூரியில் படிக்கும் பெண்ணும் இன்றைக்கு மூளைப் படவியலில் உருப்படியான ஆய்வு செய்ய முடியும். குறைவது சொல்லிக்கொடுக்கும் ஆள், ஒரு நல்ல கணினி, நிலையான இணையம். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய நியூரோமேட்ச் இணையப் பள்ளி இதைத்தான் நிரூபித்தது. சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் உதவியாளர் வைத்து, பாடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அந்த உதவியாளர்களின் சம்பளமும் கட்ட முடியாதவர்களுக்கான கட்டணத் தள்ளுபடியும் நன்கொடையால்தான் நடக்க முடியும். 1961 முதல் இருக்கும் ஐப்ரோ என்ற உலக மூளை ஆய்வு அமைப்பும் வசதி குறைந்த நாடுகளின் மாணவர்களுக்குப் பயிலரங்கும் பயண உதவியும் தருகிறது.

அப்புறம், படிப்பு என்றால் முனைவர் பட்டம் மட்டும் இல்லை. வேணி, உங்கள் அம்மாவுக்கு நோய் தாமதமாகத் தெரிந்ததற்குப் படம் இல்லாதது மட்டும்தானா காரணம்? பார்க்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்பதும்தானே. எஃப்டிடியில் நெற்றிப் பக்கச் சுருக்கம் ஆரம்பத்தில் லேசாக இருக்கும், வயதின் தளர்ச்சி என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. இளம் கதிரியக்க மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, நோய் உறுதியான பழைய படங்களை வைத்துப் பழகும் ஒரு பயிற்சி, வருடத்துக்கு ஒருமுறை நடந்தால்கூட எத்தனையோ குடும்பங்கள் வீண் மாத்திரையிலிருந்து தப்பும். அடையாளம் நீக்கிய படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கிப் பொதுவில் வைக்க ஒரு ஆளுக்குச் சில மாதச் சம்பளம் போதும்.

பள்ளிக்கூடங்களையும் மறக்க வேண்டாம். டேனா அறக்கட்டளை 1996 இல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் ஒவ்வொரு மார்ச்சிலும் பல நாடுகளில் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி நடத்தலாம். பிள்ளைகளுக்கு வண்ண வண்ணமாக ஒளிரும் மூளைப் படத்தைக் காட்டி "இதுதான் அன்பு, இதுதான் பயம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், எஃப்எம்ஆர்ஐ நேரடியாகப் பார்ப்பது நரம்பணுவை இல்லை, ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தை, அதுவும் சில நொடி தாமதமாக, என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். 2009 இல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, கணக்கைச் சரியாகத் திருத்தாவிட்டால் அதன் மூளையும் 'ஒளிரும்' என்று காட்டினார்களே, அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும். அதற்குப் பிறகு விளம்பரத்தில் வரும் மூளைப் படத்தை அவர்கள் அப்படியே நம்ப மாட்டார்கள்.

சிறுவிதை:

கரும்பலகை சொன்ன படத்தொகுப்பு யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும்போதே, அவருடைய நேரத்தில் ஒரு பகுதி இந்தத் தொகுப்புக்கும் பயிற்சிக்கும் என்று எழுதிவிட்டால் ஆராய்ச்சி, கல்வி இரண்டும் ஒரே ஆளிடம் சேரும். அதிகம் சுமத்தாதீர்கள், அவர் பட்டமும் முடிக்க வேண்டும்.

வேணி:

மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு வரைவு எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள். தனி அறக்கட்டளை இல்லை, ஏற்கெனவே இருக்கும் ஒரு நிறுவனத்துக்குள் அம்மா பெயரில் நிதி. பெரும்பகுதி ஒரு ஆய்வு மாணவருக்கு முழுப் படிப்புக் காலத்துக்கும், பல மையங்கள் சேர்ந்த ஆய்வில் பங்கெடுப்பவராக இருக்க வேண்டும், எஃப்டிடிக்கு முன்னுரிமை. அவர் படத்தொகுப்பையும் வருடம் ஒரு பயிற்சியையும் பார்த்துக்கொள்வார். ஒரு சிறு பங்கு நோயாளியோடு கூட வருபவர்களுக்கு, கணக்கு அதிகம் கேட்காமல். இன்னொரு சிறு பங்கு மூளை வங்கியின் வண்டிச் செலவுக்கு, இதைச் சேர்க்கச் சொன்னது சித்தி. எடுக்கும் படங்கள் ஒப்புதல் கொடுத்தவர்களின் அடையாளம் நீக்கிப் பொதுவில் திறக்கப்பட வேண்டும்.

முப்பரிமாணம்:

மிக நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம் மட்டும். "பொதுவில் திறக்கப்பட வேண்டும்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு கெடு போடுங்கள், படமெடுத்து முடிந்ததிலிருந்து இத்தனை மாதத்துக்குள் என்று. கெடு இல்லாத வாக்குறுதிகள் கட்டுரை வரட்டும், அடுத்த கட்டுரை வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போகும். மற்றது ஒப்புதல் படிவம். படங்களைப் பிறருக்கும் கொடுப்போம் என்ற வரி முதல் நாளே அதில் இருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது, அதற்குள் சிலர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்க மாட்டார்கள். தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை மீண்டும் உருவாக்கிவிட முடியும், அதனால் முகப் பகுதியை அழித்த பிறகே வெளியிட வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் இந்த வரைவை இப்போதே அனுப்புங்கள், அவர்கள் பதில் சொல்ல நாளாகும்.